எழுபத்தொரு நாள்

மார்ச் முதல் வாரம். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
முடிந்துபோன ஆண்டின் நாட்காட்டியைத் திருப்பிப்போட்டு
அதன் வெள்ளை முதுகில் தோட்டம் வரைகிறேன்.
லேனா ஆற்றுக்குக் கிழக்கே, சுராப்சா. இங்கே
விதைப்பதற்கு முன் கழித்தல் கணக்குப் போட வேண்டும்.

ஜூன் பத்துக்கு முன் எந்த இரவையும் நம்பமுடியாது.
ஆகஸ்ட் இருபதுக்குப் பின் எந்த இலையும் மிஞ்சாது.
நடுவில் எழுபத்தொரு நாள்;
இரண்டு தடவை எண்ணிவிட்டேன், கூடவில்லை.
தக்காளி விதை உறை எங்கோ தெற்கில் அச்சடித்தது:
நூற்றுப்பத்து நாள் என்கிறது, கூச்சமே இல்லாமல்.
துண்டு விழும் முப்பத்தொன்பதை
நான்தான் ஜன்னல் விளிம்பில் உண்டாக்க வேண்டும்,
பக்கவாட்டில் அறுத்த பால் அட்டைப்பெட்டிகளில்,
அடுப்பின் வெக்கைக்கும் கண்ணாடியின் குளிருக்கும் நடுவே.

ஒளிக்கு மட்டும் பஞ்சமில்லை.
ஜூனில் சூரியன் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டுப்
படுக்காமலே எழுந்துவிடும்.
கோஸ் அதைக் குடித்துக் குடித்து
குழந்தையின் தலையளவு, பிறகு என் தலையளவு.
முள்ளங்கிதான் மிரண்டுவிடும்; தூக்கம் கெட்டு,
கிழங்கை மறந்து பூக்கப் போய்விடும்.
மாலை ஏழு மணிக்கு அதன்மேல்
பழைய வாளிகளைக் கவிழ்க்க வேண்டும்.
ஓரத்தில் எழுதினேன்: வாளி, பதினொன்று.

இனி மண்.
போன செப்டம்பரில் ஒரு கரண்டி எடுத்து வினிகர் விட்டேன்.
நுரைத்தது. சுண்ணாம்பும் உவருமாய்ச் சீறுகிற மண்.
கொதிகலன் கூடத்து அஃபனாசி
ஒவ்வொரு வசந்தத்திலும் சாம்பல் மூட்டையோடு வந்து நிற்பார்,
சாம்பல் உலகத்துக்கே நல்லது என்று.
உலகத்துக்கு நல்லதுதான் அஃபனாசி,
இந்த இருபதடிக்கு ஆகாது. தேநீர் குடித்துவிட்டுப் போங்கள்.

மண்ணுக்குக் கீழே மண் இல்லை.
ஜூனில் கடப்பாரையை விட்டால்
முழங்கை ஆழத்தில் டங் என்று நிற்கும்,
கதவைத் தட்டியதுபோல. திறக்க யாருமில்லை.
அதனால் வெள்ளரிக்கு மாட்டின் சூடு வேண்டும்:
பனிக்காலம் முழுக்கப் பாளம் பாளமாய் உறையவிட்டு
வேலியோரம் அடுக்கிய சாணம்
மே மாதம் இளகி, உள்ளே கொதித்து,
இடுப்பளவு பாத்தியாகும். வெள்ளரி அதன்மேல்
கணப்பருகே உட்கார்ந்த விருந்தாளி.

மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நிற்கிறது.
அங்கே பிர்ச் மரங்கள் இருந்தன. வெயில் வேண்டுமென்று
நானும் நியுர்குனும்தான் வேரோடு எடுத்தோம்.
ஆறாவது கோடையில்
அடியிலிருந்த பனிக்கட்டி உருகத் தொடங்கி,
உருளை வரிசை ஒன்று
பூத்தபடியே முழங்கால் ஆழம் இறங்கியது.
செத்துப்போகவில்லை. இறங்கியது, அவ்வளவுதான்.
குளிர்காற்று போய் அந்தக் குழியில் படுத்துக்கொண்டது.
ஆகஸ்ட் எட்டாம் தேதியே இலை கறுத்தது.

கப்பி கொட்டி நிரவலாம் என்றான் நியுர்குன்.
பக்கத்துத் தெருவில் அப்படிக் கொட்டியவர்களின் கழிப்பறை
இப்போது வணக்கம் சொல்லும் கோணத்தில் நிற்கிறது.

கேரட் என்று எழுதி அழித்தேன்.
வெங்காயம். அழித்தேன்.
கடைசியில் எழுதினேன்: புல்.
வெட்டாத, மிதிக்காத, தடித்த புல்;
கீழே உறங்குவது விழித்துக்கொள்ளாதபடி
இழுத்துப் போர்த்த ஒரு கம்பளி.

"தோட்டத்தில் பாதிக்குப் புல்லா?" என்கிறான்.
"கால் பங்குக்கு."
"அப்போ உருளைக்கிழங்கு?"
"வாங்குவோம்" என்றேன். சொல்லும்போது வாய் கூசியது.

பத்தொன்பதாம் தேதி காலை, மைனஸ் இருபத்தொன்பது,
பால் பெட்டியில் ஒன்று
கழுத்தை மடித்து மண்ணை முட்டிக்கொண்டிருந்தது.
விளக்கை அதன் பக்கம் நகர்த்தினேன்.
நாட்காட்டியின் முதுகில் ஒரு கோடு போட்டேன்.
ஒன்று.